மரியாதையும் கயிற்றின் நீளமும்: வீட்டுப் பிராணிகளை முன்வைத்து ஓர் ஆய்வு

முன்னுரையும் கருதுகோளும்

தமிழில் மரியாதைச் சொற்களை ஆராய்ந்தவர்கள் பெரும்பாலும் மனிதர்களோடு நின்றுகொண்டார்கள். யார் யாரை 'நீ' என்கிறார், யார் யாரை 'நீங்க' என்கிறார், மருமகள் மாமனாரை எப்படிப் பெயர் சொல்லாமலே கூப்பிட்டுச் சமாளிக்கிறாள் என்றெல்லாம் துருவிப் பார்த்தவர்கள், அதே வீட்டு வராந்தாவில் படுத்திருந்த நாயைத் தாண்டிக்கொண்டு போய்விட்டார்கள். மறுபக்கம், விலங்குகளின் விடுதலை வேட்கையில் அக்கறை கொண்டவர்கள் கூண்டின் கம்பியை எண்ணினார்கள், சங்கிலியை எடைபோட்டார்கள். கூண்டுக்கு வெளியே நிற்பவர் உள்ளே இருப்பதை என்ன சொல்லிக் கூப்பிடுகிறார் என்று காது கொடுக்கவில்லை. இரு துறைகளும் ஒன்றையொன்று பாராமல் நடந்ததால், இரண்டுக்கும் நடுவே கேட்பாரற்றுக் கிடந்த ஓர் இயற்கை விதி இதுநாள் வரை அறிஞர் கண்ணில் படாமலே போயிற்று. அந்த விதி இது: ஒரு பிராணியை நோக்கிப் பேசும் பேச்சில் மரியாதை எவ்வளவு ஏறுகிறதோ, அவ்வளவுக்கு அதன் கயிறு குறைகிறது. ராபர்ட் பாயில் 1662-ல் வாயுவின் அழுத்தத்துக்கும் கொள்ளளவுக்கும் இடையில் கண்ட உறவு எத்தகையதோ, இதுவும் அத்தகையதே. ஒன்று ஏறினால் மற்றது இறங்கும். இரண்டையும் பெருக்கி வரும் தொகை மாறாது. இதை 'மரியாதை-கயிறு விதி' என்று அழைக்க இக்கட்டுரை முன்மொழிகிறது.

தரவுகள்

முதல் தரவு சோற்றிலிருந்து வருகிறது. நாய்க்கு உணவு தருவதைச் சொல்லத் தமிழர்கள் கையாளும் வினைச்சொற்களை வரிசைப்படுத்தினால் ஐந்து படிகள் கிடைக்கின்றன: எறி, போடு, வை, கொடு, ஊட்டு. எலும்பை 'எறிந்த' காலத்து நாய்க்குத் தெரு முழுவதும் சொந்தம். எந்த வீட்டில் கறி என்று அதற்குத்தான் முதலில் தெரியும். பழையதைப் 'போட்ட' காலத்து நாய் ராத்திரி வாசலில் படுத்தது, பகலில் ஊர் சுற்றியது. அலுமினியத் தட்டில் 'வைத்த' காலத்தில் தட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு கம்பமும் கம்பத்தில் ஒரு சங்கிலியும் வந்து சேர்ந்தன. 'அவனுக்குச் சாப்பாடு கொடுத்தாச்சா?' என்று கேட்கத் தொடங்கிய வீடுகளில் காம்பவுண்டுச் சுவர் இரண்டடி உயர்ந்திருந்தது. இன்று மூன்றாவது மாடி ஃபிளாட்டில், தயிர்சாதத்தை விரலால் மசித்து, 'ஒரு வாய், ஒரே ஒரு வாய்' என்று கெஞ்சி ஊட்டப்படுகிற நாய்க்குத் தரை மிதிக்கக் கிடைப்பது காலையில் கால்மணி நேரம், மாலையில் கால்மணி நேரம். அதுவும் லிஃப்ட் ஓடினால்தான். எறிவதிலிருந்து ஊட்டுவதுவரை மரியாதை படிப்படியாக ஏறியிருப்பதையும், ஊரிலிருந்து பால்கனிவரை உலகம் படிப்படியாகச் சுருங்கியிருப்பதையும் எந்த நடுநிலையாளரும் மறுக்க முடியாது.

இரண்டாம் தரவு திணையைப் பற்றியது. நாயை 'அது' என்று சொல்வது தமிழ் இலக்கணப்படி சரி. இன்றைய செல்ல நாய் வளர்க்கும் வீட்டில் அதுவே பெரும் குற்றம். விருந்தாளி வாய்தவறி 'இது கடிக்குமா?' என்று கேட்டுவிட்டால், 'அவன் ஒண்ணும் பண்ண மாட்டான்' என்று பதிலிலேயே திருத்தம் வந்துவிடும். இதைப் புதுப் பழக்கம் என்று நினைப்பவர்கள் பவணந்தி முனிவரைப் படிக்க வேண்டும். மகிழ்ச்சியினாலோ, உயர்த்திச் சொல்லும் நோக்கத்தாலோ, கோபத்தாலோ திணையும் பாலும் மாறினால் அது வழு ஆகாது என்று அவருடைய நன்னூல் முன்கூட்டியே மன்னிப்பு வழங்கிவிட்டது. அதற்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தரும் எடுத்துக்காட்டு, பசு வருவதைக் கண்டு பூரித்துப்போன ஒருவர் அதைத் தாயாகவே பாவித்து 'வந்தாள்' என்று முடிப்பது. இலக்கண ஆசிரியர்கள் கவனிக்காமல் விட்ட இடம் ஒன்று உண்டு. அப்படி 'வந்தாள்' என்று கொண்டாடப்பட்ட பசு அடுத்து எங்கே போனாள்? தொழுவத்துக்குத்தான் போனாள், முளைக்குச்சியில்தான் கட்டப்பட்டாள். திணை வழுவமைதிக்கும் முளைக்குச்சிக்கும் உள்ள தொடர்பு அன்றே இருந்தது. நூற்பாவில் இடம்பெறவில்லை, அவ்வளவே. இதே வீடுகளின் வாசலில் இன்றும் தொங்கும் பலகையையும் சான்றாகக் கொள்ளலாம். உள்ளே 'பையன்', 'பாப்பா', 'தங்கம்' என்று உயர்திணையில் புழங்கும் உயிர், கேட்டுக்கு வெளியே தெருவைப் பார்த்த பக்கத்தில் 'நாய்கள் ஜாக்கிரதை' என்று அஃறிணைக்குத் திரும்பிவிடுகிறது. ஆக, உயர்திணை என்பது காம்பவுண்டுச் சுவருக்குள் மட்டும் செல்லுபடியாகும் நாணயம்.

இந்த நாணயம் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்குச் சொற்களின் விலைவீழ்ச்சி விடை தருகிறது. மரியாதைச் சொல் எல்லாருக்கும் கிடைத்துவிட்டால் மதிப்பிழக்கும்; மதிப்பிழந்ததும் அதன்மேல் இன்னொன்றை அடுக்க வேண்டும். 'அவர்' என்பது பலரைக் குறித்த சொல். ஒருவரை உயர்த்த அதைக் கடன் வாங்கினோம். அது போதாமல் 'கள்' சேர்த்து 'அவர்கள்' ஆக்கி, பெயருக்குப் பின்னாலும் ஒட்டவைத்தோம். 'நீ' போதாமல் 'நீர்' வந்தது. யாழ்ப்பாணத்தில் இன்றும் அது 'நீ'க்கும் 'நீங்கள்'க்கும் நடுவே கௌரவமாக உட்கார்ந்திருக்க, தமிழ்நாட்டின் பெரும்பகுதியில் நாடக வசனத்துக்கும் கிண்டலுக்கும் ஒதுங்கிவிட்டது. 'திரு' தேய்ந்து 'திருமிகு' ஆயிற்று, 'உயர்திரு' ஆயிற்று. மேடையில் 'மாண்புமிகு' இல்லாமல் ஒலிபெருக்கி வேலை செய்வதில்லை. இப்படி மனிதர்கள் மேலே ஏற ஏற, அவர்கள் கழித்துப்போட்ட பழைய மரியாதைகள் வீட்டுப் பிராணிகளுக்கு இறங்குகின்றன. அண்ணன் சட்டை தம்பிக்கு வருகிற அதே வழிதான். 'ராஜா' என்னும் பட்டத்தை எடுத்துக்கொள்வோம். 1971-ல் அரசமைப்புச் சட்டத்தின் 26-ஆவது திருத்தம் சமஸ்தான மன்னர்களின் அங்கீகாரத்தையும் மானியத்தையும் ஒரு சேர நீக்கியது. அதன்பின் இந்தியாவில் 'ராஜா' என்று அழைக்கப்பட்டு, வேளாவேளைக்குச் சோறும் பெற்று, எந்த வேலையும் செய்யாமல் காலம் தள்ளியவை பெரும்பாலும் நாய்களே. மானியம் மட்டும் மிச்சம். ராஜ்யம் நாலுக்கு நாலு கூண்டு.

ஒரு துணைத் தரவையும் இங்கே சேர்க்கலாம். தமிழ் வீட்டில் தமிழிலேயே கொஞ்சப்படும் நாய்க்குக் கட்டளை மட்டும் ஆங்கிலத்தில் போகிறது: 'சிட்', 'கம்', 'ஸ்டே', 'ஷேக் ஹேண்ட்'. நாய்க்கு ஆங்கிலம் எளிது என்பது காரணமல்ல. தமிழில் ஏவல் வினையைத் தொட்டாலே 'வா'வா, 'வாங்க'வா என்று முடிவெடுத்தாக வேண்டும். 'வா' என்றால் இத்தனை நாள் ஏற்றிய மரியாதை இறங்கிவிடும். 'வாங்க' என்றால் பக்கத்து வீட்டார் சிரிப்பார்கள். 'கம்' இரண்டிலும் சேராது. ஆகவே செல்லம் தாய்மொழியிலும் அதிகாரம் அயல்மொழியிலும் நடக்கின்றன. ஆட்சிமொழிச் சிக்கலுக்கு இவ்வளவு சுமுகமான தீர்வு மனிதர்களுக்கு இன்னும் கிடைக்கவில்லை.

மூன்றாம் தரவு ஜப்பானிலிருந்து வருகிறது. விதி தமிழருக்கு மட்டும் உரியதல்ல என்பதற்கு இது சான்று. ஜப்பானிய மொழியில் கொடுப்பதற்கே தகுதி பார்த்துப் பல வினைகள் உண்டு. நாய்க்குத் தீனி, செடிக்குத் தண்ணீர் என்றால் 'யாரு' என்பது பழைய வழக்கு. அது மேலிருந்து கீழே தருவது. மனிதருக்கு மரியாதையோடு தர 'அகெரு'. கைகளை உயர்த்தி மேலே கொடுப்பது அதன் வேர்ப்பொருள். இப்போது பெருந்தொகையான ஜப்பானியர்கள் நாய்க்கும் 'அகெரு' என்றே உணவு தருகிறார்கள். மொழி கெட்டுப்போகிறது என்று பெரியவர்கள் வருந்துவதும், அந்நாட்டின் கலாசார முகமை மொழி பற்றிய தன் கருத்துக்கணிப்பில் இவ்வகை 'அகெரு'வைக் கேள்வியாகவே கேட்பதும் நடக்கின்றன. தமிழர்கள் இதைக் கேட்டு வியக்க வேண்டியதில்லை. கேட்பவர் தாழ்ந்தவரானால் 'ஈ', ஒத்தவரானால் 'தா', உயர்ந்தவரானால் 'கொடு' என்று தொல்காப்பியர் மூன்று வினைகளுக்கு மூன்று இருக்கைகள் போட்டுக் கொடுத்தவர். இன்று அந்த இருக்கைகள் காலி. யாரும் யாரிடமும் 'கொடு' என்று கேட்கலாம். ஜப்பானிய நாயின் பொருட்டு நாம் கவனிக்க வேண்டியது வேறு. கைகளை உயர்த்தி உணவு தரப்படும் அந்த நாய் வசிப்பது, உலகின் நெருக்கமான நகரங்களில் ஒன்றின் சிறு குடியிருப்பில். அது வெளியே போவது தோல்வாரில், சில சமயம் குழந்தை வண்டியில். கை மேலே போன அளவு தரை விலகியிருக்கிறது.

நான்காவதாக, கருவிகளின் பெயர்களைப் பார்ப்போம். பிராணிக்கு மட்டும் மரியாதை ஏறவில்லை. அதைக் கட்டும் சாமான்களுக்கும் ஏறியிருக்கிறது. சங்கிலி பெல்ட் ஆகி, பெல்ட் லீஷ் ஆயிற்று. கூண்டு 'கிரேட்' ஆயிற்று. விலைக்கு வாங்குவது 'தத்தெடுப்பு' ஆயிற்று. இடக்கரடக்கல் என்று இலக்கணம் சொல்லும் இந்தக் கலையின் உச்சம், முன்பு கிராமத்தில் வெளிப்படையாகச் சொன்ன அறுவை சிகிச்சைக்கு இன்று வழங்கும் பெயர். 'குடும்பக் கட்டுப்பாடு பண்ணியாச்சு' என்கிறார்கள். குடும்பம் என்று ஒன்றை அமைக்க அந்த ஜீவனுக்கு ஒரு நாளும் வாய்ப்புத் தரப்படவில்லை. கட்டுப்பாடு மட்டும் முழுமையாகக் கிடைத்திருக்கிறது.

ஐந்தாவது, யானை. ஒரே இனத்தை மூன்று நிலைகளில் வைத்துப் பார்க்க இதைவிடத் தோதான பிராணி இல்லை. காட்டில் திரியும்வரை அது வெறும் 'ஒத்த யானை'. பெயரும் இல்லை, கயிறும் இல்லை. கோவைப் பக்கம் தோட்டங்களுக்கு வந்துபோன ஒரு யானைக்கு மக்கள் அன்போடு 'சின்னத்தம்பி' என்று உறவுமுறையே சூட்டினார்கள். 2019 தொடக்கத்தில் மயக்க ஊசி போட்டு அதை வேறு காட்டுக்குக் கொண்டுபோய் விட்டார்கள். அது கரும்பைத் தேடி உடுமலைப் பக்கம் நடந்தே வந்தது. மறுபடி பிடித்து வரகளியாறு முகாமின் மரக்கூண்டில் அடைத்தார்கள். தம்பி என்று கூப்பிட்ட அதே ஊர் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. மூன்றாம் நிலை கோயில். அங்கே யானைக்கு மனித உறவும் போதாது, தெய்வப் பெயர். திருவரங்கத்தில் ஆண்டாள், மதுரையில் பார்வதி, திருச்செந்தூரில் தெய்வானை. நெற்றியில் பட்டம், கழுத்தில் மணி, தும்பிக்கையால் ஆசீர்வாதம். காலில் இரும்புச் சங்கிலி. காட்டில் பெயரற்று நடந்த நூற்றுக்கணக்கான மைல்களுக்கு மாற்றாக, பெயர் தெய்வத்தின் உயரத்துக்குப் போனது. நடை சந்நிதிக்கும் கொட்டடிக்கும் நடுவே நின்றது. பாயிலின் வாயுவும் இவ்வளவு கீழ்ப்படிந்து நடந்திருக்காது.

ஆறாவது, சட்டம். அமெரிக்காவின் போல்டர் நகரம் 2000-ல் தன் சட்டத்தில் நாயின் 'உரிமையாளர்' என்பதற்குப் பதில் 'பாதுகாவலர்' என்று எழுதியது. சான்பிரான்சிஸ்கோ 2003-ல் பின்தொடர்ந்தது. 2011-ல் தொடங்கிய 'ஜர்னல் ஆஃப் அனிமல் எதிக்ஸ்' என்னும் ஆய்விதழ், செல்லப்பிராணி என்னும் பொருள்படும் ஆங்கிலச் சொல்லே விலங்குகளைச் சிறுமைப்படுத்துகிறது, 'துணை விலங்கு' என்று சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டது. பாதுகாவலர் ஆனவர்கள் யாரும் தோல்வாரைக் கீழே போடவில்லை. நம் நாட்டுச் சான்று இன்னும் துல்லியம். 2001-ஆம் ஆண்டின் விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளில் 'தெருநாய்' என்றிருந்த ஜீவன், 2023-ன் புதிய விதிகளில் 'சமுதாய விலங்கு' என்னும் தகுதிக்கு உயர்ந்தது. தெருவில் கிடந்ததற்குச் சமுதாயத்தில் இடம் கிடைத்து இரண்டே ஆண்டுகளில், 2025 ஆகஸ்ட் 11 அன்று, டெல்லி சுற்றுவட்டாரத்துத் தெருநாய்கள் அனைத்தையும் பிடித்துக் காப்பகத்தில் அடைக்க உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பதினொரு நாள் கழித்து, கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்த நாய்களை, வெறிநோயோ மூர்க்க குணமோ இல்லையென்றால், பிடித்த இடத்திலேயே விடலாம் என்று அந்த உத்தரவு திருத்தப்பட்டது. மரியாதை-கயிறு விதி கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டது, அவ்வளவுதான்.

மறுப்புகளும் விடைகளும்

முதல் மறுப்பு எளிதானது. கயிறு குறைந்ததற்குக் காரணம் மரியாதையல்ல, வாகனப் போக்குவரத்து. ஊர் நகரமானது, நகரத்தில் நாயை அவிழ்த்துவிட்டால் லாரியில் அடிபடும். அதே நகரவாசத்தில் பிள்ளைகள் குறைந்து தனிமை மிகுந்ததால் நாய்க்குச் செல்லமும் கூடியது. இரண்டும் ஒரே காரணத்தின் விளைவுகள், ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகாது என்பார்கள். இதில் பாதி உண்மை. லாரி கயிற்றை விளக்கும். 'வாங்க தங்கம்' என்பதை லாரி விளக்காது. தனிமை செல்லத்தை விளக்கும். சங்கிலிக்கு லீஷ் என்றும் கூண்டுக்குக் கிரேட் என்றும் பெயர் மாற்றுவதைத் தனிமை விளக்காது. கட்டிப்போடுவது அவசியம் என்று மட்டும் நினைப்பவர் கட்டிப்போட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போவார். கட்டிப்போட்டது மனத்தில் உறுத்துகிறவர்தான் கட்டியதற்கு நல்ல பெயர் தேடுவார். ஆகவே மரியாதை கயிற்றுக்குக் காரணமா என்று கேட்பதைவிட, கயிற்றுக்குக் கொடுக்கப்படும் நஷ்டஈடா என்று கேட்பது பொருந்தும். நஷ்டஈடு, நஷ்டத்தின் அளவுக்குத்தான் ஏறும். விதியின் கணக்கு அப்படித்தான் சரியாக வருகிறது.

இரண்டாம் மறுப்பு கடினமானது. பிராணிகளுக்கு விடுதலை வேட்கை உண்டு என்பதே மனிதக் கற்பனை. கேட்டைத் திறந்துவிட்டால் ஓடும் நாய், சாப்பாட்டு நேரத்துக்குத் தானே திரும்பிவிடுகிறது என்பது. கிளி ஜோசியக் கிளியை இவர்கள் தவறாமல் சாட்சிக்கு அழைப்பார்கள். கூண்டுக் கதவு திறக்கிறது. கிளி வெளியே வருகிறது. வரிசையாக அடுக்கிய சீட்டுகளை அலகால் ஒவ்வொன்றாகத் தள்ளி, ஒன்றைக் கவ்விக் கொடுக்கிறது. ஒரு நெல்லை வாங்கிக்கொண்டு, யாரும் தள்ளாமலே உள்ளே போய்விடுகிறது. விடுதலை தலைக்கு மேல் வானமாக விரிந்திருக்க, அது ஏன் திரும்புகிறது? இறக்கையைப் பார்த்தவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. கத்தரித்த இறகோடு பறக்கும் வேட்கையை எந்தக் கிளியும் நிரூபித்துக் காட்ட முடியாது. பச்சைக்கிளியை வீட்டில் அடைத்து வளர்ப்பது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். 2024 மக்களவைத் தேர்தலின்போது கடலூரில் ஒரு வேட்பாளருக்கு வெற்றி நிச்சயம் என்று சீட்டெடுத்துக் கொடுத்த கிளியையும் அதன் கூட்டாளிகளையும் வனத்துறை பறிமுதல் செய்தது. வேட்பாளர் தோற்றார். அடுத்தவர் எதிர்காலத்தைச் சொல்ல வைத்தவர்கள், கிளிக்குத் தன் எதிர்காலத்தில் என்ன வேண்டும் என்று ஒரு சீட்டும் போட்டு வைத்ததில்லை.

வேட்கைக்கு ஆய்வுக்கூடச் சான்று கேட்பவர்களுக்கு ரஷ்ய அறிஞர் இவான் பாவ்லோவ் இருக்கிறார். மணியோசைக்கும் எச்சிலுக்கும் முடிச்சுப்போட்டவர் என்று நாம் அறிந்த அதே பாவ்லோவ், நிலைச்சட்டத்தில் வார்போட்டு நிறுத்தினால் எத்தனை நாளானாலும் பழகாத ஒரு நாயைப் பற்றி 1917-ல் எழுதினார். மற்ற நாய்கள் அமைதியாக நிற்க, இது மட்டும் திமிறியது, மூச்சிரைத்தது, இடைவிடாமல் எச்சில் வடித்தது. எல்லாக் காரணங்களையும் தள்ளிப் பார்த்தபின் அவர் வந்து சேர்ந்த முடிவு, இது 'விடுதலை அனிச்சை' என்பது. அதை அடக்க அவர் கண்ட வழியும் நம் விதிக்கு இணக்கமானது: அந்த நாய்க்கு நிலைச்சட்டத்தில் நிற்கும்போது மட்டும்தான் சாப்பாடு. நாளடைவில் நாய் பழகிவிட்டது. ஆக, திரும்பி வரும் நாய் விடுதலை வேண்டாம் என்று சொல்லவில்லை. சாப்பாடு எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்பதைத்தான் சொல்கிறது.

மூன்றாம் மறுப்பு, மரியாதை பெற்றும் கட்டப்படாத உயிர்களைக் காட்டுவது. பாம்புகளில் கொடியதற்கு 'நல்ல பாம்பு' என்று பெயர். அது சுதந்திரமாகத்தான் திரிகிறது. காக்கைக்கு முன்னோர் என்ற தகுதி தந்து, வாழையிலையில் முதல் கவளம் வைத்து, 'கா கா' என்று கெஞ்சிக் கூப்பிடுகிறோம். அதை யாரும் கூண்டில் அடைக்கவில்லை. இரண்டுக்கும் விடை உண்டு. நல்ல பாம்பின் மரியாதை பயத்தால் வந்தது; பயத்தால் தரும் மரியாதை கேட்டு வாங்கியதற்குச் சமம், பல்லைக் காட்டிக் கேட்டதாக வைத்துக்கொள்ளலாம். காக்கைக்குத் தரும் மரியாதை அதற்கு வந்ததே அல்ல. அது தாத்தாவின் முகவரிக்குப் போகும் தபால், காக்கை வெறும் தபால்காரர். இவ்விரண்டிலும் விதி பொய்க்கவில்லை. விதிக்கு ஓர் எல்லை உண்டு என்பது மட்டும் தெரிகிறது. அந்த எல்லையைக் கடைசி மறுப்புதான் துலக்குகிறது.

கடைசி மறுப்பு பாவ்லோவின் ஊரிலிருந்தே வருகிறது. அவர் அந்த நாயைப் பற்றி எழுதிய அதே பெத்ரோகிராதில், அதே 1917-ல், மார்ச் மாதம், தொழிலாளர் படைவீரர் சோவியத் தன் முதல் ஆணையைப் பிறப்பித்தது. அதிகாரிகளை 'மேன்மை தங்கிய' என்று பட்டம் சொல்லி அழைப்பதை அது ஒழித்தது. அதிகாரிகள் சிப்பாய்களை 'நீ' என்று ஒருமையில் பேசுவதையும் தடைசெய்தது. அங்கே மரியாதையும் விடுதலையும் ஒன்றாகத்தான் ஏறின. கயிறு குறையவில்லை, அறுந்தது. நம் ஊரிலும் 'டேய்' என்று கூப்பிடப்பட்டவர்கள் அதை மறுத்து நிமிர்ந்தபோது மரியாதைச் சொல் விடுதலையின் முதல் தவணையாகவே கைக்கு வந்தது. அப்படியானால் மரியாதை-கயிறு விதி என்னவாயிற்று? விதி நிற்கிறது, அதற்கு ஒரு நிபந்தனை சேர்கிறது. மரியாதை இரண்டு வகை. ஒன்று, பெறுபவர் கேட்டு, போராடி, கொடுக்க மனமில்லாதவரிடமிருந்து வாங்குவது. மற்றது, யாரும் கேட்காமல், கொடுப்பவர் தானாகவே அள்ளித் தருவது. முன்னது கயிற்றின்மேல் விழும் கத்தி. பின்னது கயிற்றுக்குச் சுற்றும் வெல்வெட்டுத் துணி. சிப்பாய் 'நீங்கள்' என்று சொல்லச் சொன்னான். நாய் யாரையும் 'தங்கம்' என்று கூப்பிடச் சொல்லவில்லை. அது கேட்டது கதவைத் திறக்க. கிடைத்தது செல்லப் பெயர்.

முடிவும் பரிந்துரைகளும்

நிபந்தனையோடு சேர்த்துப் பார்த்தால், விதி நாயோடும் கிளியோடும் முடியவில்லை என்பது தெளிவு. கேட்காமல் வந்த மரியாதை எங்கெல்லாம் இருக்கிறதோ, அங்கெல்லாம் ஒரு கயிற்றைத் தேடலாம். நாள் முழுக்க அடுப்படியில் நின்றவர்களுக்கு 'இல்லத்தரசி' என்று ஒரு பட்டம் உண்டு. அந்த அரசிக்குச் சம்பளமும் இல்லை, ஞாயிற்றுக்கிழமையும் இல்லை, முடிசூட்டு விழாவுக்கு அவர் விண்ணப்பித்ததாகவும் தெரியவில்லை. மழையில் நனைந்துகொண்டு சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுவருபவரைச் செயலி நிறுவனங்கள் 'பார்ட்னர்' என்கின்றன. லாபத்தில் பங்கு கேட்டால் அந்தச் சொல்லின் பொருள் சட்டென்று சுருங்கிவிடும். தொலைபேசியில் 'உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது' என்று ஒரு குரல் சொல்லும்போது நாம் இருபது நிமிடம் காதோடு கட்டிப்போடப்படுகிறோம் என்பது எல்லாருக்கும் பழகிய சான்று. மரியாதை தவறு என்று இக்கட்டுரை சொல்லவில்லை. அது எந்தக் கணக்கில் வரவு வைக்கப்படுகிறது என்று பார்க்கச் சொல்கிறது.

இங்கிருந்து மூன்று பரிந்துரைகள் பிறக்கின்றன. முதலாவது, ஆய்வாளர்களுக்கு: மரியாதைச் சொற்களின் வரலாற்றை எழுதுகிறவர்கள், ஒவ்வொரு சொல்லும் புழக்கத்துக்கு வந்த காலத்தில் அதைப் பெற்றவர் எத்தனை அடி நடக்க முடிந்தது என்பதையும் பக்கத்தில் குறித்து வைக்க வேண்டும். இரண்டாவது, எதிர்பாராமல் 'பெருமதிப்புக்குரிய' என்று தொடங்கும் கடிதம் வாங்குகிற எவருக்கும்: உள்ளே படிக்கும் முன் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொள்வது நல்லது. மூன்றாவது, நாய் வளர்ப்பவர்களுக்கு. கயிற்றை அவிழ்த்துவிடச் சொல்ல இக்கட்டுரைக்குத் துணிவில்லை. லாரி உண்மையாகவே வருகிறது. ஆனால் கயிற்றின் நீளத்துக்குள்ளேயே செய்யக்கூடியது ஒன்று உண்டு. மாலை நடையில் மின்கம்பத்தடியில் நாய் நின்று மோப்பம் பிடிக்கும்போது, அன்றைய தெருச் செய்தி முழுவதையும் அது படித்து முடிக்கும்வரை விட்டுவிடலாம். 'வாங்க செல்லம், வாங்க, நேரமாச்சு' என்று மரியாதையோடு இழுப்பதைவிட, 'டேய், முடிச்சுட்டு வா' என்று சொல்லிவிட்டு ஓரமாகக் காத்து நிற்பது மேல்.